“நிலைதடுமாறி விழுந்தார்” என்று எழுத விடாதீர்கள்: சாலைக் குறையால் விபத்து நடந்தால் என்ன செய்வது

ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். விபத்து வழக்குக் கட்டுகளைத் தைத்து, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு, நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது என் வேலை. இத்தனை வருஷத்தில் எஃப்.ஐ.ஆர். நகல்களில் நான் அதிகம் படித்த வாசகம் இதுதான்: “வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து, நிலைதடுமாறி கீழே விழுந்து…” ஏன் தடுமாறினார் என்று அதில் இருக்காது. சக்கரம் முங்கும் பள்ளம் இருந்திருக்கலாம். வெள்ளைப் பட்டை அடிக்காத வேகத்தடை இருந்திருக்கலாம். குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு மண்ணை மட்டும் தள்ளி மூடிய தடமாக இருக்கலாம். எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஓட்டியவர் மேலேயே வழக்கு பதிவாகும். அவர் இறந்துபோனால் அந்த வழக்கும் அவரோடு முடிந்தது.

2013 முதல் 2017 வரை சாலைப் பள்ளங்களால் மட்டும் நாட்டில் 14,926 பேர் இறந்தார்கள் என்ற கணக்கு 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. இதை ஏற்கவே முடியாது என்று நீதிபதிகள் கடிந்துகொண்டார்கள். அந்தப் பொதுநல வழக்கை 2012-ல் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். நம் மாநிலத்துக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம்.

நான் வக்கீல் இல்லை. வக்கீலைப் பார்க்கப் போகும்போது உங்கள் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வாக்கியம்

உயிர்தான் முதலில். 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் வரும். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும், உச்சவரம்புக்கு உட்பட்டு, பணம் கட்ட வேண்டியதில்லை. 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிற திட்டம்தான். கேட்டு வாங்குங்கள்.

கேஷுவாலிட்டியில் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அதைத்தான் நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம். “எப்படி அடிபட்டது?” என்று கேட்கும்போது, கூட வந்தவர் பதற்றத்தில் “பைக்லேர்ந்து விழுந்துட்டாரு சார்” என்பார். அது அப்படியே ஏறும். மூன்று வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த ஒற்றை வரியைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் தூக்கிக் காட்டுவார். “இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு, ரோட்டுப் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி விழுந்தார்” என்று சொல்லுங்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள், கூட்டிச் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் படி: மூடுவதற்கு முன் சாலையைப் பிடியுங்கள்

இந்தப் படியில் கோட்டைவிட்டால் மற்ற படிகள் எல்லாம் பாதி பலன்தான் தரும்.

என் மச்சான் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வரும் வழியில் வேகத்தடையில் தூக்கி எறியப்பட்டார். காறை எலும்பு உடைந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் போனபோது, தார் எந்தக் கறுப்போ அதே கறுப்பில் கிடந்தது அந்த வேகத்தடை. பட்டை இல்லை, பலகை இல்லை, நேர் மேலே இருந்த தெருவிளக்கு எரியவும் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு மூங்கில் கழி கொடுத்தார். அதை மேட்டின் உச்சியில் மட்டமாகப் பிடித்து, கீழே தரை வரை டேப் வைத்தோம். 17 செ.மீ. காட்டியது. கழி, டேப், பின்னால் டீக்கடைப் பலகை மூன்றும் ஒரே படத்தில் விழும்படி எடுத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் திரும்பப் போனால் பளிச்சென்று வெள்ளைப் பட்டை! பெயிண்ட் சரியாகக் காயக்கூட இல்லை, என் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பள்ளம் என்றால் இன்னும் வேகம். யாராவது விழுந்தார்கள் என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லியைக் கொட்டி மூடிவிடுவார்கள். ஆகவே 24 மணி நேரத்துக்குள் வீட்டில் யாராவது ஒருவர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். போகிறவர் செய்ய வேண்டியவை:

அடிபட்டவர் எந்தத் திசையில் வந்தாரோ அதே திசையில் நின்று 100, 50, 20 மீட்டர் தூரங்களிலிருந்து படம் எடுங்கள். ஓட்டுபவர் கண்ணுக்கு அது எப்போது தெரிந்திருக்கும் என்பதை இந்த மூன்று படங்கள்தான் சொல்லும். இரவு விபத்தானால் அதே நேரத்துக்கு இன்னொரு முறை போங்கள். பகல் படத்தில் பள்ளம் தெளிவாகத் தெரிவது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் டேப் வைத்து அளந்து, டேப்போடு படம் எடுங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் முதலில் அப்படியே ஒரு படம், பிறகு குச்சி விட்டு அளந்து ஒரு படம். தேங்கிய தண்ணீர் நல்ல சாட்சி, பள்ளம் வெளியே தெரியாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

இடத்தை அடையாளம் காட்ட மின்கம்பத்தின் எண், கிலோமீட்டர் கல், கடைப் பலகை இவற்றில் ஒன்றாவது படத்தில் இருக்கட்டும். அக்கம்பக்கக் கடையில் சிசிடிவி இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவு மேல் புதிய பதிவு ஏறி அழிந்துவிடும்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். மூலக் கோப்பு போனிலேயே இருக்க வேண்டும். மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி சான்று கொடுக்க வேண்டும். படம் எடுத்தவரே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதால், கோர்ட்டுக்கு வரத் தயங்காத ஒருவர் எடுப்பது நல்லது.

ஒன்று மறக்க வேண்டாம். நாற்கரச் சாலையில் நடுவே நின்று டேப் பிடிக்காதீர்கள். கூட ஒருவர் சிவப்புத் துணியோடு நிற்கட்டும்.

மூன்றாம் படி: அது யாருடைய சாலை?

நம்மவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். எல்லாச் சாலையும் ‘கவர்மென்ட் ரோடு’ என்று நினைத்து, சம்பந்தமில்லாத அலுவலகத்துக்கு நோட்டீஸ் அனுப்பி, ஆறு மாதம் கழித்து “இது எங்கள் சாலை அல்ல” என்று பதில் வாங்குவோம்.

சாலையோரக் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ வெள்ளையோ என்றால் மாவட்ட அல்லது நகரச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. கல் முதல் தடயம்தான், முடிவு அல்ல. தேசிய நெடுஞ்சாலையிலேயே சில பகுதிகள் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்திடமும், சில பகுதிகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவிடமும் இருக்கின்றன. சென்னையில் பேருந்து போகும் சாலைக்கு மாநகராட்சியின் தனிப் பிரிவு, உள்தெருவுக்கு மண்டல அலுவலகம். சில பெரிய சாலைகள் மாநகராட்சிக்குள்ளேயே ஓடினாலும் நெடுஞ்சாலைத் துறையுடையவை.

சாலை ஒருவருடையது, தோண்டியவர் இன்னொருவர் என்பதும் உண்டு. குடிநீர் வாரியம், மின்வாரியம், மெட்ரோ, கேபிள் கம்பெனி என்று யாராவது ‘ரோடு கட்’ அனுமதி வாங்கித் தோண்டியிருப்பார்கள். அந்த நேரம் யார் தோண்டினார்கள் என்று தெருவாசிகளுக்குத் தெரியும். தடுப்புத் தகரத்தில் பெயர் எழுதியிருந்தால் அதையும் படம் எடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: கட்டியதில் கோளாறா, பராமரிப்பில் கோளாறா?

இரண்டும் வேறு வேறு. பள்ளம், எரியாத விளக்கு, அழிந்த கோடு, திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடை மூடி இவையெல்லாம் பராமரிப்புக் குறை. வளைவில் சாலை வெளிப்பக்கமாகச் சரிந்திருப்பது, எதிரே வரும் வண்டி தெரியாதபடி தடுப்புச் சுவரில் திறப்பு வைத்திருப்பது, சர்வீஸ் ரோடு இல்லாமல் ஊர்ச் சாலையை நேராக நாற்கரத்தில் கொண்டுபோய் முட்டுவது இவை வடிவமைப்புக் குறை. இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுக்கடுக்காகப் போட்டு, சாலை உயர்ந்து, ஓரம் அரை அடி இறங்கியிருக்கும். லாரிக்கு ஒதுங்கும் பைக் அந்த ஓரத்தில் இறங்கினால் திரும்ப ஏற முடியாமல் சாயும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

‘மோசமான ரோடு’ என்று புலம்பினால் எடுபடாது. எந்த அளவுக்கு மாறாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். அளவுகளை வகுப்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ், ஐ.ஆர்.சி. என்பார்கள். வேகத்தடைக்கு ஐ.ஆர்.சி. 99. பொதுப் போக்குவரத்துக்கான வட்ட வடிவ மேட்டுக்கு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் கடக்கும்படி. கறுப்பு வெள்ளைப் பட்டையும், 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். என் மச்சான் வழக்கில் அந்த 17 செ.மீ. பேசியது இதனால்தான். சாலைக் குறிகளுக்கு ஐ.ஆர்.சி. 67, கோடுகளுக்கு 35, வேலை நடக்கும் இடத்தின் பாதுகாப்புக்கு ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55. எண்ணைச் சொன்னால் போதும், மீதியை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

தேசிய நெடுஞ்சாலையானால் அந்த இடம் கரும்புள்ளியா என்றும் விசாரியுங்கள். ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வருஷத்தில் உயிரிழப்போ கொடுங்காயமோ உண்டான 5 விபத்துகள், அல்லது 10 சாவுகள் நடந்திருந்தால் அது கரும்புள்ளி. அப்படி அறிவித்த இடத்தில் நடந்த விபத்துக்கு “எங்களுக்குத் தெரியாது” என்ற பேச்சே எடுபடக் கூடாது.

ஐந்தாம் படி: காவல் நிலையம்

புகாரைக் கையால் எழுதி இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் முத்திரை வாங்குங்கள். முதலில், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்து அனுப்பப் பார்ப்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவைச் சொல்லி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

புகாரில் சாலைக் குறையை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். விசாரணை அதிகாரி சம்பவ இடத்தில் பார்வை மகஜரும் (இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும் தயாரிப்பார். அந்த வரைபடத்தில் பள்ளம் ஒரு வட்டமாகவாவது விழ வேண்டும். “ஐயா, பள்ளத்தோட அளவையும் எழுதிடுங்க, நாங்க டேப் கொண்டு வந்திருக்கோம்” என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் எழுதுவார்கள். மகஜர் சாட்சிக்கு ஆள் தேடி அலைவது அவர்களுக்கும் தலைவலி. டீக்கடைக்காரரை நீங்களே பேசி வைத்திருந்தால் வேலை சுளுவாக முடியும்.

இன்னொன்று, விபத்து விவரத்தை போலீஸார் ஐராட் என்ற கணினித் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். ஐஐடி மெட்ராஸ் உருவாக்கியது. சாலைத் துறைப் பொறியாளரும் அதில் சாலை நிலவரத்தைப் பதிய இடம் உண்டு. அந்தப் பதிவின் நகலைப் பின்னால் கேட்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

சாவு நடந்து, தவறு ஒப்பந்ததாரர் அல்லது அதிகாரி மேல் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 106(1) பிரிவு அவர்களுக்கும் பொருந்தும். 5 வருஷம் வரை சிறை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198ஏ பிரிவு தனியாக இருக்கிறது. தரத்தின்படி சாலையை அமைக்காமல், பராமரிக்காமல் விட்டு அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தப் பணம் குடும்பத்துக்கு வராது, மோட்டார் வாகன விபத்து நிதிக்குப் போகும். பல பேர் இதை இழப்பீடு என்று நினைத்துக்கொண்டு வந்து ஏமாந்து நிற்கிறார்கள்.

ஆறாம் படி: “தெரிந்திருந்ததா?”

பொறுப்பை நிலைநாட்டும் கேள்வி இதுதான். 198ஏ பிரிவே நீதிமன்றம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்தக் குறை ஆபத்தானது என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா, சரிசெய்ய அவகாசம் இருந்ததா, எச்சரிக்கைப் பலகை வைத்தார்களா என்று போகிறது அந்தப் பட்டியல்.

பழைய தீர்ப்புகளும் இந்தக் கயிற்றின் மேல்தான் நடந்திருக்கின்றன. டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த வழக்கில், மாநகராட்சிதான் பொறுப்பு என்று 1966-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் முடிந்த கட்டடம், பராமரிக்க வேண்டியது மாநகராட்சி. ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து நடந்துபோனவர் இறந்த வழக்கில், அது விழும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வழியில்லை என்று 1997-ல் மாநகராட்சி தப்பித்தது. உங்கள் கதை எந்தப் பக்கம் சாயும் என்பதைக் காகிதம்தான் முடிவு செய்யும்.

அந்தக் காகிதத்தை எடுக்க 10 ரூபாய்தான் செலவு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்விகளைக் குறுக்கிக் கேளுங்கள். இன்ன கிலோமீட்டரிலிருந்து இன்ன கிலோமீட்டர் வரை கடைசியாகச் சாலை போட்ட தேதி, ஒப்பந்ததாரர் பெயர், வேலை உத்தரவு நகல், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (சாலை கெட்டால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) எதுவரை, அந்தப் பகுதி பற்றி கடந்த ஒரு வருஷத்தில் வந்த புகார்கள், எடுத்த நடவடிக்கை. எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேளுங்கள். “ஏன் சாலை சரியில்லை?” என்று கேட்டால் மனு அங்கேயே செத்துவிடும். அந்தச் சட்டம் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும்கூட உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரியாது.

ஏழாம் படி: பணம் எந்த வழியில்

வேறொரு வண்டி மோதியிருந்தால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அந்த வண்டியின் உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மேல் மனு. சாலைத் துறையையும் அதே மனுவில் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாமா என்பதை வக்கீல்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேறு வண்டியே இல்லாமல் தானாக விழுந்திருந்தால், உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும். சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் கிடைக்கும், சாதாரண எலும்பு முறிவுக்கு இல்லை. பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு முழுக் காப்பீடு எடுத்த வண்டியில் வழி உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் கஷ்டம்.

சாலைத் துறை மேலேயே போவதென்றால் இரண்டு வழி. ஒன்று உரிமையியல் வழக்கு. அரசு மேல் போட 2 மாத முன்னறிவிப்பு நோட்டீஸ் தர வேண்டும். இன்னொன்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. உண்மை விவரங்களில் தகராறு இல்லாமல், அலட்சியம் வெட்டவெளிச்சமாக இருந்தால் நீதிமன்றம் நேரடியாக நிவாரணம் தரும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து இளம் பொறியாளர் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் 5 லட்சம் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் பள்ளத்தாலும் திறந்த மேன்ஹோலாலும் நேரும் சாவுக்கு 6 லட்சமும், காயத்துக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரையும் என்று தொகையே நிர்ணயித்தது. அது மகாராஷ்டிரத்துக்கானது. இங்கே வாதிட அதைக் காட்டலாம், அவ்வளவுதான்.

சுங்கச் சாலையானால் ஃபாஸ்டேக் பதிவை எடுத்து வையுங்கள். காசு வாங்கிக்கொண்டு கெட்ட சாலையைக் கொடுப்பதை நீதிமன்றங்கள் இப்போது லேசில் விடுவதில்லை. சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் பாலியேக்கரா சுங்கச்சாவடி வசூலை 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

எட்டாம் படி: கெடு

தீர்ப்பாய மனுவுக்கு விபத்து நடந்து 6 மாதம். இந்த வரம்பை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன, அதை நம்பி உட்கார வேண்டாம். சாவு வழக்கில் வாரிசுகள் உரிமையியல் வழக்குப் போட 2 வருஷம். காயத்துக்கு, அரசு அமைப்பின் கடமைத் தவறு என்றால் ஒரே வருஷம்தான் என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆகவே ஒரு வருஷத்தையே கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

எதிர்த்தரப்பு கேட்கப்போகும் கேள்விகள் மனப்பாடமாகவே தெரியும். ஹெல்மெட் போட்டிருந்தாரா? குடித்திருந்தாரா? லைசென்ஸ் உண்டா? தினம் போகும் சாலைதானே, பள்ளம் இருப்பது தெரியாதா? கடைசிக் கேள்வி பொல்லாதது. தெரியும் என்றால் உங்கள் மேல் தவறு, தெரியாது என்றால் நம்ப மாட்டார்கள். இருட்டு, மழைத் தண்ணீர், எதிரே வந்த வண்டியின் விளக்கு, ஒதுங்க இடமின்மை என்று அன்றைக்கு இருந்த நிலைமையைச் சொல்வதுதான் இதற்குப் பதில். முதல் நாள் படங்கள் இல்லாமல் இந்தப் பதிலுக்கு எடை இல்லை.

விபத்து நடக்காத வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளத்தைப் பார்த்தால் தேசிய நெடுஞ்சாலைக்கு 1033, சென்னை மாநகராட்சிக்கு 1913, நெடுஞ்சாலைத் துறைக்கு ‘நம்ம சாலை’ செயலி, மற்றதற்கு 1100. புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள்.

என் மச்சான் வழக்கில், வேகத்தடை பற்றித் தங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை என்றுதான் அந்த அலுவலகம் முதலில் பதில் மனு போட்டது. மூங்கில் கழி கொடுத்த அதே டீக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். மனுஷன் ஒன்றும் பேசவில்லை. சுவரில் மாட்டியிருந்த தினக்காலண்டரைத் திருப்பி, அட்டையின் பின்னால் செருகியிருந்த ஒரு தாளை உருவிக் கொடுத்தார். நாலு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அவர் கொடுத்த மனுவின் ரசீது. டீக்கறையோடு அதைத்தான் சான்றாவணமாகக் குறியிட்டார்கள்.